பேசினால் தீருமா? வாசகர் கேள்விகளும் மனநல மருத்துவரின் பதில்களும்

பேச்சு வழியாக அளிக்கப்படும் உளவியல் சிகிச்சை யாருக்கு, எப்போது பயன்படும் என்று கேட்டுக் குமரி மாவட்ட வாசகர்கள் எழுதிய கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறேன். எழுதியவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் கணவருக்கு 48 வயது. நெடுங்காலம் சவூதியில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பினார். வந்த புதிதில் எங்கள் ரப்பர் தோட்டத்தில் தாமே பால் வெட்டினார். ஏழெட்டு மாதங்களாக எதிலும் நாட்டமில்லை. விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துக்கொள்கிறார். ஆனால் படுக்கையை விட்டு எழுவதில்லை. கல்யாண வீடு, கோயில் கொடை எதற்கும் வருவதில்லை. ‘என்னால் யாருக்கும் பிரயோசனம் இல்லை’ என்கிறார். கவுன்சலிங்குக்குக் கூட்டிப் போகும்படி என் தம்பி சொல்கிறான். ‘நாம் பேசாததையா அவர்கள் பேசிவிடப் போகிறார்கள்?’ என்று மாமியார் கேட்கிறார்கள். வெறும் பேச்சால் இது தீருமா? (வாசகி, திருவட்டாறு)

பதில்: உங்கள் மாமியார் கேட்பதில் நியாயம் இருக்கிறது, அதற்குச் சற்றுப் பின்னர் வருகிறேன். விடிவதற்கு வெகு முன்பே விழிப்பு வருவது, பிடித்தவற்றில் நாட்டம் அற்றுப்போவது, தன்னால் பயனில்லை என்ற எண்ணம் ஆகியவை சேர்ந்து 2 வாரங்களுக்கு ஏறத்தாழ நாள்தோறும் இருந்தாலே மனச்சோர்வு நோயா என்று பார்க்க வேண்டும். உங்கள் கணவருக்கு இது மாதக்கணக்கில் நீடிக்கிறது. ஆகவே இனியும் காத்திருக்காமல் முதலில் ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள். தைராய்டு சுரப்புக் குறைவும் வைட்டமின் பி12 குறைபாடும் இதே சோர்வைத் தரக்கூடும் என்பதால், அவற்றுக்கான இரத்தப் பரிசோதனையையும் சர்க்கரை அளவையும் பார்த்துவிடுவது நல்லது. குடிப்பழக்கம் இருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். தூக்கத்துக்காகக் குடிக்கும் மதுவே சோர்வை ஆழமாக்கிவிடும்.

இனி மாமியாரின் கேள்வி. ‘தைரியமாக இரு’, ‘உனக்கு என்ன குறை?’ என்று வீட்டார் சொல்வதெல்லாம் அன்பினால்தான். ஆனால் மனச்சோர்வில் இருப்பவர், ‘ஒரு குறையும் இல்லாமலே இப்படிக் கிடக்கிறேனே’ என்று அதையும் தம் குற்றக் கணக்கில் சேர்த்துக்கொள்வார். உளவியல் சிகிச்சையில் ஆறுதலுக்கும் இடம் உண்டு, ஆனால் வேலையை நடத்துவது அதன் முறை. மனச்சோர்வுக்குரிய ஒரு முறையில், முதல் வாரம் உங்கள் கணவர் ஒவ்வொரு நாளும் மணிக்கணக்கில் என்ன செய்தார் என்பதையும் அப்போது மனம் எப்படி இருந்தது என்பதையும் ஒரு தாளில் குறிக்கச் சொல்வார்கள். அடுத்த முறை இருவரும் அந்தத் தாளைப் பார்க்கும்போது, படுத்தே கிடந்த நேரங்களில்தான் மனம் மிகவும் தாழ்ந்திருந்தது என்பதும், பக்கத்து வீட்டுக்காரர் ஒட்டுப்பால் விலை கேட்டு வந்து பேசிக்கொண்டிருந்த கால் மணி நேரம் சற்றுத் தேறியிருந்தது என்பதும் எழுத்தில் தெரியும். படுத்துக்கொண்டால் அந்த நேரத்துக்கு நிம்மதி. ஆனால் அதனாலேயே மனத்துக்கு நிறைவு தரும் எதுவும் நாளுக்குள் வராமல் போகிறது. இந்தச் சுழலை எங்கே உடைப்பது என்பதுதான் அந்த அறையில் நடக்கும் பேச்சு.

நாளைக்கே முழுத் தோட்டத்தையும் வெட்டி முடிக்கும்படி அங்கே யாரும் சொல்ல மாட்டார்கள். கத்தியைத் தீட்டி எடுத்துக்கொண்டு தோட்டம் வரை போய்வருவது முதல் வாரத்துக்குப் போதும். அடுத்த வாரம் 10 மரங்கள். மனம் வந்த பிறகு எழலாம் என்று காத்திராமல், குறித்த நேரத்தில் எழுந்து செய்தால் மனம் பின்னால் வருகிறதா என்று பார்ப்பதே இந்த முறையின் அடிப்படை. அதன் பிறகு, ‘பிரயோசனம் இல்லை’ என்ற எண்ணத்தையே எடுத்துவைத்து, அதற்கு ஆதாரம் என்ன, எதிர் ஆதாரம் என்ன என்று பொறுமையாக ஆராய்வார்கள். சம்பாதித்து அனுப்பிய காலத்தில் மட்டுமே தமக்கு மதிப்பு இருந்தது என்று வெளிநாட்டிலிருந்து திரும்பிய பலர் நினைக்கிறார்கள். அந்த நினைப்பை வீட்டாரிடம் சொல்ல அவர்களுக்குக் கூச்சம். மனைவியிடமும் தாயிடமும் சொல்ல முடியாததை முன்பின் தெரியாத ஒருவரிடம் சொல்ல முடிகிறது என்பதும் இந்தச் சிகிச்சை பயன்படுவதற்கு ஒரு காரணம்.

நம் நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இது நடக்குமா என்ற ஐயம் வரலாம். கோவாவில் மனநல மருத்துவர் விக்ரம் படேல் தலைமையிலான குழுவினர், உள்ளூர் மக்களில் சிலருக்கே பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த கடும் மனச்சோர்வு உள்ளவர்களுக்கு இதே அடிப்படையில் 6 முதல் 8 அமர்வுகள் நடத்தினார்கள். வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்றவர்களைவிட இவர்களில் கூடுதலானவர்கள் தேறினார்கள் என்று 2017-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான அந்த ஆய்வு காட்டியது.

மாத்திரை வேண்டுமா, பேச்சு போதுமா என்பதைப் பரிசோதித்த பிறகே முடிவு செய்ய வேண்டும். லேசான, நடுத்தரமான மனச்சோர்வுக்கு உளவியல் சிகிச்சை மட்டுமே போதுமானதாக இருக்கலாம். சாப்பாடு அறவே குறைந்து, எதிரில் இருப்பவர் பேசுவதைத் தொடர்ந்து கேட்கக்கூட முடியாத அளவுக்கு மனம் மந்தமாகிவிட்டால், அந்த நிலையில் ஒருவரை உட்கார வைத்துப் பேசுவது அவரை வருத்துவதாகவே முடியும். மருந்தைத் தொடங்கி, சற்றுத் தெளிந்ததும் பேச்சைச் சேர்க்க வேண்டும். மருந்து பலன் தரத் தொடங்க 2 முதல் 4 வாரங்கள் ஆகும் என்பதையும், தேறியதும் தாமாக நிறுத்தக் கூடாது என்பதையும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

ஒன்றை இன்றே செய்யுங்கள். ‘உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றுகிறதா?’ என்று அவரிடம் நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்க ஒருவர் இருக்கிறார் என்பதே பலருக்குப் பெரிய நிம்மதி. ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல், பூச்சிமருந்து, மாத்திரை முதலியவற்றை அப்புறப்படுத்திவிட்டு, அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற, டெலி மானஸ் எனப்படும் அரசின் மனநல உதவி எண்ணில் எந்த நேரத்திலும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.

கேள்வி: என் மகளுக்கு 22 வயது. பேருந்தில் போய் வந்தால் கிணற்றடியில் நின்று ஒரு மணி நேரம் கை கழுவுகிறாள். விரல் இடுக்குகளில் தோல் வெடித்து இரத்தம் கசிகிறது. ‘அப்பா, என் கை சுத்தமாக இருக்கிறதா?’ என்று நாளெல்லாம் கேட்கிறாள். சுத்தம்தான் மகளே என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டோம். ஆறு மாதமாக ஓர் ஆலோசகரிடம் போய் வருகிறாள். சிறு வயது நினைவுகளைப் பற்றிப் பேசுகிறார்களாம். மாற்றம் இல்லை. (வாசகர், நாகர்கோவில்)

பதில்: பேச்சு வழிச் சிகிச்சை என்பது ஒன்றல்ல. இந்த நோய்க்கு எது பயன்படும் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். நீங்கள் விவரிப்பது ஓசிடி என்று பலரும் அறிந்த எண்ணச் சுழற்சி நோயின் அறிகுறிகள். இதற்குச் சிறு வயது நினைவுகளைப் பேசுவதால் பெரும்பாலும் பயன் கிடைப்பதில்லை. அஞ்சுவதைப் படிப்படியாக நெருங்கி, அஞ்சியவுடன் செய்யும் சடங்கைச் செய்யாமல் இருக்கப் பழகும் முறைதான் இதற்கு உரியது. விக்டர் மேயர் என்ற உளவியலாளர் 1966-இல் இந்த வழியை எழுதிய பிறகு, அது பல ஆய்வுகளில் சோதிக்கப்பட்டு உறுதியாகியிருக்கிறது.

உங்கள் மகளும் சிகிச்சையாளரும் சேர்ந்து, எது எவ்வளவு அச்சம் தருகிறது என்று ஒரு பட்டியல் போடுவார்கள். வீட்டுக் கதவின் தாழ்ப்பாள் அடியில் இருக்கலாம். பேருந்தின் கைப்பிடிக் கம்பி நடுவில். பேருந்து நிலையக் கழிப்பறைக் கதவு உச்சியில். அடியில் இருந்து தொடங்கி, தாழ்ப்பாளைத் தொட்டுவிட்டுக் கை கழுவாமல் அந்தப் பதற்றத்தோடே உட்கார்ந்திருக்கப் பழகுவாள். முதலில் பதற்றம் ஏறும். கழுவாமலே அதைத் தாங்கிக்கொள்ள முடிகிறது என்று அவள் தானே கண்டுகொள்ளும்போது நோயின் பிடி தளரத் தொடங்கும். பொதுவாக 12 முதல் 20 அமர்வுகள் வரை ஆகும். நோய் கடுமையாக இருந்தால் மருந்தும் சேர்ந்தே வேண்டியிருக்கும்.

இதில் பெற்றோருக்கும் வேலை இருக்கிறது. ‘சுத்தம்தான் மகளே’ என்று நீங்கள் சொல்லும் ஒவ்வொரு முறையும் அவளுக்குச் சில நிமிட நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதிதான் அடுத்த கேள்வியைக் கேட்க வைக்கிறது. அதற்காகத் திடீரென்று வாயை மூடிக்கொண்டால் அவள் தவித்துப்போவாள். சிகிச்சையாளர் முன்னிலையில் மூவரும் பேசி, ‘இதற்குப் பதில் சொல்வதில்லை என்று நாம் சேர்ந்து முடிவெடுத்தோம் அல்லவா?’ என்று மட்டும் சொல்வதாக ஓர் உடன்பாடு செய்துகொள்ளுங்கள். இப்போது பார்க்கும் ஆலோசகரிடம், இந்த முறையில் பயிற்சி பெற்றிருக்கிறாரா என்று மரியாதையோடு கேளுங்கள். இல்லை என்றால், பயிற்சி பெற்ற ஒருவரிடம் அனுப்பும்படி அவரிடமே கேட்கலாம். வெடித்த தோலுக்குத் தனியாக மருத்துவம் பாருங்கள்.

கேள்வி: 2017 நவம்பரில் ஒக்கிப் புயலில் என் அப்பா போன படகு கரை திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அப்போது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். இப்போது வேலைக்குப் போகிறேன். அம்மா இன்றும் அப்பாவின் சட்டைகளை வெயிலில் போட்டு எடுத்து மடித்து வைக்கிறார்கள். புயல் எச்சரிக்கை என்று கேட்டாலே எனக்கு நெஞ்சு படபடக்கிறது. தம்பி கடலுக்குப் போயிருக்கும் நாட்களில் இரவெல்லாம் தூக்கமில்லை. பங்குத்தந்தை கவுன்சலிங் போகச் சொன்னார். அப்பாவை மறக்கச் சொல்வார்களோ என்று பயமாக இருக்கிறது. (வாசகி, தூத்தூர் பகுதி)

பதில்: அப்பாவை மறக்கும்படி யாரும் சொல்லக் கூடாது. அப்படிச் சொல்பவர் இந்த வேலையைச் சரியாகக் கற்றவர் அல்லர், எழுந்து வந்துவிடுங்கள்.

அம்மாவின் நிலையையும் உங்கள் நிலையையும் நான் தனித்தனியாகப் பார்க்கிறேன். அம்மா சாப்பிடுகிறார், தூங்குகிறார், வீட்டு வேலைகளைப் பார்க்கிறார், திருப்பலிக்குப் போகிறார், நாலு பேரோடு பேசுகிறார் என்றால், சட்டைகளை மடித்து வைப்பது நோயாகிவிடாது. துக்கம் உள்ள எல்லோருக்கும் சிகிச்சை தேவையில்லை. ஆறு மாதங்கள் கடந்த பின்னும், அந்தந்தச் சமூகத்தின் வழக்கத்தை மீறிய தீவிரத்தோடு ஏக்கம் நீடித்து, அன்றாட வாழ்க்கையையே முடக்கும்போதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் அதை நோயாகக் கொள்கிறது. உடல் கிடைக்காத இழப்பில் இந்தக் கணக்கும் அப்படியே பொருந்துவதில்லை. அடக்கம் செய்ய ஒன்றுமில்லாதபோது, ‘இனி வர மாட்டார்’ என்று மனம் முடித்துக்கொள்ள மறுப்பதில் வியப்பில்லை. போரில் காணாமற்போன வீரர்களின் குடும்பங்களோடு 1970-களில் பணியாற்றிய பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், இத்தகைய இழப்பில் உறுதியான முடிவைத் திணிக்கக் கூடாது என்பதை வலியுறுத்தியிருக்கிறார். வரமாட்டார் என்று அறிந்திருப்பதும், வந்தால் என்ன என்று நினைப்பதும் ஒரே மனத்தில் சேர்ந்து இருக்கலாம். இரண்டையும் வைத்துக்கொண்டே வாழ்க்கையை நடத்தத் துணைசெய்வதுதான் சிகிச்சையாளரின் வேலை.

உங்களுக்குச் சிகிச்சை பயன்படும் என்று கருதுகிறேன். இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் ஓர் அறிவிப்பைக் கேட்டதும் உடல் அந்த நாளுக்கே திரும்பிவிடுகிறது, தூக்கம் போகிறது. இதற்கான சிகிச்சையில், முதலில் படபடப்பைத் தணிக்கும் மூச்சுப் பயிற்சி முதலியவற்றைப் பழக்கிவிட்டு, அதன் பிறகு அந்த நாட்களை, அதாவது செய்தி வந்த நேரம், கடற்கரையில் காத்திருந்த கூட்டம், யாரிடம் என்ன கேட்டீர்கள் என்பதையெல்லாம், உங்கள் வேகத்தில், நீங்கள் விரும்பும் அளவுக்குச் சொல்ல வைப்பார்கள். துண்டு துண்டாக வந்து தாக்கும் நினைவுகள் முன்பின் கோத்த ஒரு கதையாக அமையும்போது அவற்றின் வேகம் குறைகிறது. பேரிடர் நடந்த சில நாட்களுக்குள் ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டவைக்கும் வழக்கம் முன்பு இருந்தது. அதனால் பயனில்லை என்று தெரிந்து, உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைப்பதில்லை. அந்த நேரத்தில் மக்களுக்கு வேண்டியவை உணவும், தங்குமிடமும், காணாமற்போனவர்களைப் பற்றிய உண்மையான தகவலும், உறவினர் அருகில் இருப்பதும்தான்.

தம்பியைப் பற்றிய அச்சத்தை வெறும் கற்பனை என்று சிகிச்சையாளர் ஒதுக்கிவிடக் கூடாது. கடல் அபாயமானது என்பது கடற்கரை மக்களுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உயிர்காப்பு அங்கி எல்லோருக்கும் இருக்கிறதா, ஆழ்கடலில் செய்தி அனுப்பும் கருவி வேலை செய்கிறதா, எச்சரிக்கை வந்தால் படகைத் திருப்புவது யார் முடிவு என்பதைத் தம்பியோடு பேசி உறுதிசெய்வது அறிவுடைய செயல். அதைச் செய்த பிறகும் விடியும் வரை கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் பகுதிதான் சிகிச்சைக்குரியது.

கேள்வி: தம்பிக்குக் காதில் யாரோ பேசுவது கேட்கிறதாம். சாப்பாட்டில் விஷம் கலக்கிறோம் என்கிறான். மாத்திரை வேண்டாம், கவுன்சலிங் மட்டும் கொடுக்கலாமா? (வாசகர், களியக்காவிளை)

பதில்: கூடாது. உடனே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவருக்கு அந்தக் குரல் உண்மையாகவே கேட்கிறது. அது பொய் என்று வாதிடுவதால் உங்கள்மேல் சந்தேகம்தான் கூடும். ‘உனக்குக் கேட்கிறது, எனக்குக் கேட்கவில்லை, ஆனால் நீ பயந்துபோயிருப்பது தெரிகிறது, அந்தப் பயத்துக்கு உதவி கேட்போம்’ என்று பேசிப் பாருங்கள். மருந்தால் குரல்கள் தணிந்த பிறகு, மிஞ்சியிருக்கும் குரல்களைச் சமாளிக்கவும் படிப்புக்கோ வேலைக்கோ திரும்பவும் உளவியல் சிகிச்சை பெரிதும் துணைசெய்யும். குடும்பத்துக்குத் தனியாக நடத்தும் அமர்வுகள் நோய் திரும்ப வருவதைக் குறைக்கின்றன. பிரசவமான சில நாட்களிலோ வாரங்களிலோ ஒரு பெண் இப்படிப் பேசினாலும், ஒரு வாரமாகத் தூங்காமல் அளவு கடந்த உற்சாகத்தோடு ஒருவர் பணத்தை வாரி இறைத்தாலும் இதே பதில்தான்: முதலில் மருத்துவமனை.

கேள்வி: நான் கல்லூரி மாணவி. செமினார் எடுக்க வேண்டிய நாளில் கை நடுங்கி, மூச்சு முட்டுவதால் லீவு போட்டுவிடுகிறேன். பெரிய பிரச்சினை உள்ளவர்கள் எவ்வளவோ பேர் இருக்க, இதற்குப் போய்ச் சிகிச்சையா என்று தோன்றுகிறது. ஆசாரிப்பள்ளத்தில் ஓ.பி. வரிசையில் நின்றால் சொந்தக்காரர்கள் யாராவது பார்த்துவிடுவார்கள். யாரிடம் போவது, எவ்வளவு செலவாகும்? (வாசகி, மார்த்தாண்டம்)

பதில்: பிரச்சினை பெரிதா சிறிதா என்று மற்றவர்களோடு ஒப்பிட்டு அளக்காதீர்கள். அதனால் நீங்கள் எதையெல்லாம் செய்யாமல் விட்டிருக்கிறீர்கள் என்று பாருங்கள். இப்போது செமினார், பின்னர் வாய்மொழித் தேர்வு, வேலைக்கான நேர்காணல் என்று விட்டுவிடுவது கூடிக்கொண்டே போகும். தவிர்க்கத் தவிர்க்க அச்சம் வளரும் வகைச் சிக்கல்களில்தான் உளவியல் சிகிச்சை மிக நன்றாக வேலை செய்கிறது. அதுவும் இளம் வயதிலேயே தொடங்கினால் விரைவில் பலன் தெரியும். ஆகவே நீங்கள் தாராளமாகப் போகலாம், போக வேண்டும்.

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, கட்டணம் இல்லை. மாவட்ட மனநலத் திட்டத்தின் குழு மற்ற அரசு மருத்துவமனைகளுக்கும் குறிப்பிட்ட நாட்களில் செல்கிறது; உங்களுக்கு அருகில் எங்கே, எந்த நாள் என்பதை அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தனியாரிடம் போவதானால், முதல் தொலைபேசி அழைப்பிலேயே ஓர் அமர்வுக்கு எவ்வளவு, எத்தனை அமர்வுகள் ஆகலாம் என்று கேட்பதில் தவறில்லை. உங்களுடைய அச்சத்துக்கு வாரம் ஒரு முறை, முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை, 6 முதல் 20 அமர்வுகள் என்பது பொதுவான கணக்கு. மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொள்பவர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்கலாம். சில நாள் பயிற்சியில் சான்றிதழ் வாங்கிப் பலகை மாட்டியிருப்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். ஒரே அமர்வில் தீர்த்துவிடுவேன் என்பவரையும், மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்பவரையும் தவிர்த்துவிடுங்கள்.

சொந்தக்காரர் பார்த்துவிடுவார் என்ற தயக்கத்தை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். சிறிய ஊர்களில் அது உண்மையான தடை. வீடியோ அழைப்பு வழியாகப் பெறும் சிகிச்சையும் இத்தகைய அச்சங்களுக்கு நன்றாகவே பயன்படுகிறது. வீட்டில் தனியறை இல்லாவிட்டால் கல்லூரியில் ஆளில்லாத ஒரு வகுப்பறையோ தோழியின் வீடோ போதும். நீங்கள் சொல்வதை வெளியே சொல்லக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்பது போன்ற சில சூழல்களே விதிவிலக்கு. அந்த விதிவிலக்குகள் எவை என்று முதல் அமர்விலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: இரண்டு முறை போனேன். வெளியே வரும்போது முன்பைவிட மனம் கனத்திருந்தது. நிறுத்திவிடலாமா? (வாசகர், தோவாளை)

பதில்: நெடுநாள் பேசாததைப் பேசும்போது தொடக்கத்தில் சில அமர்வுகள் அப்படித்தான் இருக்கும். அதை அடுத்த முறை அவரிடமே சொல்லுங்கள். நல்ல சிகிச்சையாளர் வேகத்தைக் குறைப்பார். ஐந்தாறு அமர்வுகள் ஆகியும் எதை நோக்கிப் போகிறோம் என்பதே உங்களுக்குப் புரியவில்லை என்றாலோ, அவர் உங்களைக் குறைத்துப் பேசினாலோ, அவரோடு மனம் ஒட்டவே இல்லை என்றாலோ வேறொருவரிடம் மாறலாம். அதில் அவரைப் புண்படுத்துவது எதுவும் இல்லை. மாறும்போது, இதுவரை என்ன செய்தீர்கள், எது உதவியது, எது உதவவில்லை என்பதை அரைப் பக்கம் எழுதி எடுத்துச் செல்லுங்கள். எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து சொல்லும் சுமை குறையும்.